வடிக்காத சாதம்

"சாதம் வடித்தாயிற்றா?" என்று கேட்காத காலைப் பொழுது தமிழ்நாட்டில் இல்லை. கேட்கிறவர் வடிதட்டைக் கண்ணால் கண்டு இருபது வருஷம் ஆகியிருக்கலாம். பதில் சொல்லுகிறவர் கஞ்சி வடிக்கும் வித்தையையே அறியாதவராகவும் இருக்கலாம். அடுப்பின் மேலிருந்த பானையையும் கஞ்சியையும் பிரஷர் குக்கர் துரத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆயினும் 'வடித்தல்' என்னும் சொல் மட்டும் சமையலறையை விட்டு வெளியேற மறுக்கிறது. பாஷைக்குள்ள பிடிவாதம் அப்படிப்பட்டது.

துரத்திய குக்கருக்கும் இப்பொழுது ஒரு போட்டி ஏற்பட்டிருக்கிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பாத்திரக் கடைகளில் எவர்சில்வர் குடங்களுக்குப் பக்கத்தில் மின்சாரப் பிரஷர் குக்கர் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு அடுப்பு வேண்டாம், காஸ் வேண்டாம், பக்கத்தில் நின்று காவல் காக்க ஆளும் வேண்டாம். அரிசியும் தண்ணீரும் இட்டு, மூடியைத் திருகிப் பொத்தானை அமுக்கிவிட்டால் தன் காரியத்தைத் தானே முடித்துக்கொண்டு அணைந்துவிடுகிறது. அதற்கு ஒரே ஒரு குறை: அது விசில் அடிப்பதில்லை.

விழுப்புரத்தாருக்கு இது லேசான குறை அன்று. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து வழிகளுக்குத் தண்டவாளம் பிரிகிற ஊர் இது. ரயில் ஊதுவதையும் குக்கர் ஊதுவதையும் அரைத் தூக்கத்திலேயே பிரித்தறியும் காது இவ்வூர்க் குடும்ப ஸ்திரீகளுக்கு உண்டு. 'சாதத்துக்கு மூன்று விசில், பருப்புக்கு ஐந்து' என்பதே அவர்களுடைய கடிகாரம். ஊதாத குக்கரைக் கண்டால் அவர்களுக்கு நம்பிக்கை உண்டாவதில்லை. "ருசி இல்லை" என்கிறார்கள், "களியாகக் குழைந்துவிடுகிறது" என்கிறார்கள், கடைசியாக, "என்ன இருந்தாலும் கைப் பக்குவம் யந்திரத்துக்கு வருமா?" என்கிறார்கள்.

முதல் இரண்டு குற்றச்சாட்டுகளுக்கும் தண்ணீரின் அளவே பதில் சொல்லிவிடும். மூன்றாவதுதான் யோசிக்க வேண்டியது. பக்குவம் என்பது என்ன? அது கையில் இருக்கிறதா, கணக்கில் இருக்கிறதா? கையில்தான் இருக்கிறதென்றால், அந்தக் கைக்குரியவர் விடியற்காலம் நாலரை மணிக்கு எழுந்திருந்தே தீரவேண்டும். கணக்கில் இருக்கிறதென்றால், கணக்குத் தெரிந்த யாரும் எழுந்திருக்கலாம். இந்த வித்தியாசம் சிறிய வித்தியாசம் அன்று.

உள்ளே நடப்பது என்னவென்று முதலில் பார்ப்போம். அரிசியின் பெரும் பகுதி மாவுச்சத்து. சுமார் 70 டிகிரி உஷ்ணத்தில் அந்த மாவு தண்ணீரைக் குடித்துப் பருத்து இளகத் தொடங்குகிறது. இதைத்தான் நாம் வேகுதல் என்கிறோம். திறந்த பானையில் எவ்வளவு விறகை எரித்தாலும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. மிகுந்த சூடெல்லாம் ஆவியாய்ப் போய்விடும். அந்த ஆவியை வெளியே விடாமல் அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடுகிறது; அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிக்கும் உஷ்ணமும் கூடுகிறது. விசில் குக்கரில் அது சுமார் 120 டிகிரி வரை போகும். மின்சாரக் குக்கரில் சற்றுக் குறைவு. பெரும்பாலானவற்றில் 115 டிகிரியை ஒட்டி நிற்கும். விசில் குக்கர் மிகுந்த ஆவியை ஊதித் தள்ளுகிறது. மின்சாரக் குக்கரோ உஷ்ணத்தையும் அழுத்தத்தையும் தானே கவனித்து, வேண்டிய அளவு வந்ததும் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஊதுவதற்கு அதனிடம் மிகுதி ஒன்றும் இல்லை.

இந்த யுக்தி புதிதன்று. 1679-ஆம் வருஷத்திலேயே டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, எலும்பையும் குழைய வேகவைக்கும் பாத்திரம் ஒன்றை லண்டனில் செய்து காட்டினார். நம் தேசத்தில் 1910-ல் கல்கத்தாவில் டாக்டர் இந்துமாதவ மல்லிக் 'இக்மிக் குக்கர்' என்பதை அமைத்தார். கீழே கரி நெருப்பு, மேலே அடுக்கடுக்காகப் பாத்திரங்கள். சோறும் பருப்பும் காய்கறியும் ஆவியில் ஒன்றாய் வெந்துவிடும். ஹாக்கின்ஸ், பிரஸ்டீஜ் முதலிய பிரஷர் குக்கர்கள் இந்தியாவில் 1959-ஐ ஒட்டி உற்பத்தியாகத் தொடங்கின. மின்சாரமும் அழுத்தமும் சேர்ந்த குக்கருக்குச் சீனாவில் 1991-ல் ஒருவர் காப்புரிமை கோரினார். 2010-ல் கனடாவிலிருந்து வெளியான 'இன்ஸ்டன்ட் பாட்' அதை உலகமெங்கும் பரப்பியது.

இந்தச் சரித்திரத்தில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொரு சம்பவம். அது 1955-ல் ஜப்பானில் நடந்தது. தோஷிபா கம்பெனி அந்த வருஷக் கடைசியில் தானே அணையும் மின்சாரச் சோற்றுப் பானையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை வடிவமைக்கும் பொறுப்பை ஏற்றவர் யோஷிதாதா மினாமி என்ற சிறு தொழிலதிபர். அரிசி வேகும் நுட்பம் அவருக்குத் தெரியாது. அவருடைய மனைவி பூமிகோவுக்குத் தெரியும். அந்த அம்மாள் நாள்தோறும் சோறாக்கி, உஷ்ணத்தையும் நேரத்தையும் குறித்துப் பார்த்தார். கொதி வந்த பின் சுமார் 20 நிமிஷம் கொதித்தால் சோறு நன்றாய் அமைகிறது என்று கண்டார். உடனே யந்திரத்துக்கு வழி பிறந்தது. இரண்டு பானைகள், ஒன்றுக்குள் ஒன்று. வெளிப்பானையில் 20 நிமிஷத்தில் ஆவியாகிவிடக்கூடிய தண்ணீர். அது வற்றியதும் உஷ்ணம் 100 டிகிரியைத் தாண்டும். தாண்டியதும் உலோகத் தகடு ஒன்று வளைந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

கைப் பக்குவம் யந்திரத்துக்கு வருமா என்று கேட்கிறவர்களுக்கு இதுவே விடை. யந்திரத்துக்குள் இருப்பது ஒரு பெண்ணின் பக்குவந்தான். அவர் அதை அளந்தார். அளந்ததனால் அது எல்லாருக்கும் உரியதாயிற்று.

அந்நிய நாட்டுப் பாத்திரத்தில் நம் ஊர்ப் பொன்னி அரிசியைப் போடலாமா என்று தயங்குகிற சுதேசி அன்பர்களும் உண்டு. அவர்களுக்குப் பொன்னியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். அதன் மூதாதையரில் ஒன்று தைவான் நாட்டு நெல். மற்றொன்று மலேயா நாட்டு நெல். அவ்விரண்டும் கலந்து பிறந்தது 1965-ல் மலேசியாவில் 'மாசூரி' என்று வழங்கப்பட்டது. அதுவே 1986-ல் தமிழ்நாட்டில் 'வெள்ளைப் பொன்னி' என்று பெயர் சூட்டப்பெற்றது. காவிரியின் பெயரைத் தாங்கிக்கொண்டு அது நம் வீட்டுப் பெண்ணாகிவிடவில்லையா? குக்கரும் அப்படி ஆகலாம். நம் அரிசியின் குணத்தை நாம் அதற்குக் கற்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

குணம் என்று சொன்னேன். யந்திரம் அறியாத விஷயம் அது ஒன்றே. 'ரைஸ்' என்று எழுதிய பொத்தானுக்குப் பச்சரிசியும் புழுங்கலரிசியும் ஒன்றுதான். அறுவடையாகி ஒரு மாதமான புதிய அரிசியும் ஒரு வருஷம் ஆறிய பழைய அரிசியும் ஒன்றுதான். புதிய அரிசி கொஞ்சம் தண்ணீரிலேயே குழையும்; பழையது அதிகத் தண்ணீர் குடித்து உதிரி உதிரியாக மலரும். புழுங்கலரிசி நெல்லாயிருக்கும்போதே ஒருமுறை ஆவியில் வெந்து இறுகியது. அதற்குத் தண்ணீரும் அதிகம், நேரமும் அதிகம்.

கூடவே வருகிற பிளாஸ்டிக் கோப்பையைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. அது பல குக்கர்களில் 180 மில்லிலிட்டர் கொள்ளும். 'கோ' என்னும் பழைய ஜப்பானிய அளவு அது. பாத்திரத்தின் உட்புறம் கிழித்திருக்கும் கோடுகள் பெரும்பாலும் அந்தக் கோப்பைக்கும் அயல்நாட்டு அரிசிக்கும் பொருந்துபவை. நம் வீட்டு டம்ளரால் அரிசியை அளந்துவிட்டு, தண்ணீரை அந்தக் கோட்டைப் பார்த்து ஊற்றினால் சாதம் நறுக்கரிசியாக நிற்கும். அரிசியை எந்தப் பாத்திரத்தால் அளந்தோமோ, தண்ணீரையும் அதனாலேயே அளக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் காலைச் சாதம் என் பொறுப்பு. எங்கள் கணக்கு இது: புதிய பச்சரிசி ஒன்றுக்குத் தண்ணீர் ஒன்றரை, 6 நிமிஷம். பழைய பச்சரிசி ஒன்றுக்கு இரண்டு, 8 நிமிஷம். பொன்னிப் புழுங்கலரிசி அரை மணி ஊறிய பின் ஒன்றுக்கு இரண்டரை, 12 நிமிஷம். பல் இல்லாத பெரியவர்களுக்கும் தயிர் சாதத்துக்கும் மூன்று. திறந்த பானைக் கணக்கைக் காட்டிலும் இது குறைவாகத் தோன்றலாம். பானையிலிருந்து தண்ணீர் ஆவியாய் ஓடிக்கொண்டே இருக்கும். மூடிய குக்கரில் அந்த நஷ்டம் மிகக் கொஞ்சம். அன்றியும், பானையில் ஆவியாகும் தண்ணீர் அரிசியின் அளவைப் பொறுத்ததன்று. பானையின் வாயகலத்தையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது. விருந்தாளிகளுக்காக அரிசியை இரட்டித்துத் தண்ணீரையும் அப்படியே இரட்டிக்கிற வீடுகளில் சாதம் குழைவதன் இரகசியம் இதுதான்.

இன்னும் சில நியதிகள். அரிசியும் தண்ணீரும் சேர்ந்து பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. அரிசி பொங்கினால் கஞ்சி ஆவித் துளையை அடைத்துவிடும். பொத்தானில் 12 என்று வைத்தால் 12 நிமிஷத்தில் சாதம் தயாராகும் என்று எண்ணிவிடக் கூடாது. தண்ணீர் கொதித்து, மூடியிலுள்ள சிறிய ஊசி மேலெழும்பி, அழுத்தம் நிலைத்த பிறகே அந்த 12 ஆரம்பமாகிறது. முடிந்த பின்னரும் பத்து நிமிஷம் தொடாமல் விட வேண்டும். அவசரப்பட்டு ஆவியைத் திறந்தால் கஞ்சி நுரை கூரை வரை பீறிடும். அன்றியும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் ஈரம் ஒவ்வொரு பருக்கைக்கும் சமமாய்ப் பரவுகிறது. ஆக, எல்லாம் சேர்ந்து அரை மணி அல்லது சற்று அதிகம். செலவாகும் மின்சாரம் அரை யூனிட்டைத் தாண்டாது.

கிராமத்திலிருக்கும் அன்பர்கள் வோல்டேஜையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 230 வோல்டில் 1000 வாட் சூடு தருகிற குக்கர், 180 வோல்டில் எவ்வளவு தரும்? எங்கள் மாணவர்கள், "சுமார் 780" என்று உடனே சொல்லுவார்கள். அது பிசகு. சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே சுமார் 610 வாட்தான் கிடைக்கும். பம்ப் செட்டுகளெல்லாம் ஓடுகிற வேளையில் குக்கர் அழுத்தம் பிடிக்கத் தாமதிப்பது இதனால்தான். அது குக்கரின் சோம்பல் அன்று.

இரவே அரிசியை ஊறப் போட்டு, விடியற்காலம் தானே வேகும்படி கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் வசதியும் சில குக்கர்களில் உண்டு. நம் ஊர்ச் சித்திரை வெயில் காலத்து இரவில் எட்டு மணி நேரம் ஊறிய அரிசி லேசாகப் புளித்துவிடும். இரண்டு மூன்று மணிக்கு மேல் வேண்டாம். வெந்த சாதத்தைச் சூடு மாறாமல் காக்கும் வசதியும் அப்படியே. சாதம் 60 டிகிரிக்கு மேல் இருக்கும் வரையில் பயமில்லை. மின்சாரம் நின்று, மூடிய பாத்திரத்துக்குள் வெதுவெதுப்பாய் மணிக்கணக்கில் கிடந்தால்தான் ஆபத்து. சமையல் சூட்டிலும் சாகாமல் தப்பக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து அரிசியில் உண்டு. அது அந்த வெதுவெதுப்பில் பெருகி விஷத்தை உண்டாக்கும். அந்த விஷம் திரும்பச் சுடவைத்தாலும் போகாது. அப்படிக் கிடந்த சாதத்தைத் தூர எறிவதே உத்தமம்.

"கஞ்சியை வடிக்காவிட்டால் சர்க்கரை வியாதி வரும்" என்று ஓர் அபிப்பிராயம் இப்பொழுது வீட்டுக்கு வீடு உலாவுகிறது. வடிப்பதால் நீங்குவது மாவுச்சத்தில் ஒரு சிறு பங்குதான். வடித்த சாதத்தை நாலு கரண்டி போட்டுக்கொண்டு, வடிக்காததை இரண்டு கரண்டி சாப்பிடுகிறவரைப் பார்த்து இரங்குவதில் அர்த்தமில்லை. அளவே முக்கியம், தட்டில் காய்கறியும் பருப்பும் இருப்பது முக்கியம்.

மற்றொரு புறம், வடிப்பதால் போவது என்னவென்பதை நம் தேசத்து ஆராய்ச்சியே நமக்குக் காட்டியிருக்கிறது. குன்னூரில் டாக்டர் மக்காரிசன் தொடங்கிய போஷாக்கு ஆராய்ச்சிச் சாலையில் 1935 முதல் 1945 வரை டைரக்டராயிருந்தவர் டாக்டர் அய்க்ராய்டு. தீட்டிய பச்சரிசியை உண்ட வட சர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி என்னும் கால்வீக்க நோய் பரவியிருந்ததையும், புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அரிதாயிருந்ததையும் அங்கே ஆராய்ந்தார்கள். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள 'பி' வைட்டமின் உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. ஆனால் அது தண்ணீரில் கரைவது. பலமுறை களைந்து கொட்டுவதிலும் கஞ்சியை வடித்து ஊற்றுவதிலும் அது கரைந்து போய்விடுகிறது. அக்காலத்தில் அந்தக் கஞ்சி வீணாகவில்லை. உப்பிட்டு மனிதர் குடித்தார்கள், மாடு குடித்தது, மிச்சம் வேட்டிக்கு விறைப்பாயிற்று. மாடில்லாத மாடி வீட்டில் அது சாக்கடைக்குத்தான் போகிறது. ஆகையால், அரிசியை இரண்டு தரம் மட்டும் களைந்து, அளந்த தண்ணீரில், வடிக்காமல் வேகவைப்பதே இக்காலத்துக்கு ஏற்ற முறை.

இனி, ஆரம்பத்தில் சொன்ன நாலரை மணிக்கு வருவோம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கும், விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கும் காலை ரயிலிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போகிற ஸ்திரீகளைப் பாருங்கள். உபாத்தியாயினிகள், நர்ஸுகள், குமாஸ்தாக்கள், கடையில் நிற்கும் பெண்கள். ஏறியதும் முதற்காரியமாகக் கண்ணை மூடித் தூங்குகிறார்கள். அதே வண்டியில் வருகிற புருஷர்கள் பத்திரிகை படிக்கிறார்கள். இரு சாராரும் ஒரே நேரத்தில் வேலைக்குப் போய், ஏறக்குறைய ஒரே சம்பளத்தை வாங்குகிறவர்கள். ஒரு சாராருக்கு மட்டும் தூக்கம் எங்கே போயிற்று என்பதை ஆராய விஞ்ஞானம் வேண்டியதில்லை.

மின்சாரக் குக்கர் வாங்கிய வீட்டில் மனைவிக்கு அரை மணி மிச்சமாயிற்று என்று கணவர் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறார். அந்த அரை மணியில் அம்மாள் என்ன செய்கிறார் என்று விசாரித்தால், இரண்டாவது கறி ஒன்று செய்கிறார்! முன்பு ஒரு கறியோடு திருப்தியடைந்தவர்கள் இப்பொழுது இரண்டு கேட்கிறார்கள். யந்திரம் மிச்சப்படுத்திய நேரத்தைக் குடும்பம் வட்டியோடு வாங்கிக்கொண்டுவிடுகிறது. குற்றம் யந்திரத்தினுடையதன்று. சாதம் வைப்பது யந்திரத்தின் வேலையாகிவிட்டது. யந்திரத்தை வைப்பது மட்டும் இன்னமும் பெண்ணின் வேலையாகவே இருக்கிறது.

"எனக்குச் சமைக்கத் தெரியாது" என்பது இதுகாறும் புருஷர்களுக்கு ஒரு கௌரவமான சமாதானமாயிருந்தது. உலைநீரின் ஓசையைக் கேட்டும், பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தும் அறியவேண்டிய கலையாக இருந்தவரையில் அதில் ஓரளவு நியாயமும் இருந்தது. ஒன்றுக்கு இரண்டரை, அரை மணி ஊறல், 12 நிமிஷம் என்று ஆன பின்னர் அந்தச் சமாதானம் செல்லாது. இதைக் கணக்கிட முடியாதவர் காரியாலயத்தில் என்ன கணக்கு எழுதுகிறாரோ! விஞ்ஞானம் போதிக்கிற உபாத்தியாயன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: ஆவியின் அழுத்தம், உஷ்ணம், வோல்டேஜ், அளவை ஆகிய நாலு பாடங்களை ஒரு படிச் சாதத்தில் நடத்தி முடித்துவிடலாம். அந்தப் பாடத்தில் பையன்களும் பெண்களும் ஒன்றாய் உட்கார வேண்டும்.

ஆயினும் பழைய வித்தையை அடியோடு மறப்பது புத்திசாலித்தனம் ஆகாது. 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரிகள் நிரம்பி வழிந்தன. தென்பெண்ணை கரை புரண்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தடியில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன. பல இடங்களில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் மின்சாரக் குக்கர் ஓர் அழகிய டப்பா. அதன் உட்பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைக்கலாமென்றாலோ, அது நெருப்புக்கென்று செய்யப்பட்டதன்று. ஒரு கனத்த பாத்திரம், ஒரு வடிதட்டு, அதை உபயோகிக்கத் தெரிந்த இரண்டு கைகள் ஆகியவை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கவேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பானையில் பொங்கிக் கஞ்சி வடித்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அன்று அந்தக் கஞ்சியைக் கொட்டாமல் உப்பும் மோரும் கலந்து குடியுங்கள்.

அன்றாடத்துக்கு ஒரு சிறு காரியத்தைச் சிபாரிசு செய்கிறேன். ஒரு துண்டுச் சீட்டில் வீட்டிலுள்ள அரிசியின் பெயர், வாங்கிய மாதம், ஊறும் நேரம், தண்ணீரின் அளவு, நிமிஷம் ஆகிய ஐந்தையும் எழுதி அரிசி டின்னின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவிடுங்கள். புதிய மூட்டை வந்தால் முதல் இரண்டு நாள் சாதத்தைப் பார்த்துத் திருத்தி எழுதுங்கள். எழுதுவது வீட்டுத் தலைவியாக இருக்கட்டும். பக்குவம் அறிந்தவர் அவர்தானே. ஆனால் எழுதியபின் ஒரு வாரம் அந்த டின்னை அவர் திறக்கக் கூடாது. மற்றவர்கள் திறந்து, படித்து, அளந்து, பொத்தானை அமுக்கட்டும். சீட்டு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அறிய வேறு வழி கிடையாது.